நிலையான பதிப்பு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். சர்வரும் நலம். ஆம், ஓடுகிறது! இதை எழுதும்போதும் மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஊருக்குத் திரும்புமுன் வீட்டுக்கு வந்து, என் மகளைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதம் கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல், கிறீச்சிடும் பழைய ஹார்டு டிஸ்க்கைக் காட்டி, வீட்டுப் படங்களைக் காப்பாற்ற ஒரு சர்வர் வைக்க வேண்டும், எந்த லினக்ஸ் நல்லது என்று கேட்டேன். பெண் கேட்டு வந்தவரிடம் லினக்ஸ் கேட்ட மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்று என் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நீங்களோ முகம் சுளிக்காமல் மூன்று லினக்ஸ் வகைகளின் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

மூன்றையும் அலசினேன். ஆர்ச் ஓயாமல் புதுசாகிக்கொண்டே இருக்கிறது. அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியவனுக்கு, படித்து முடிப்பதற்குள் மாறிவிடும் பிரதி ஒத்துவராது. உபுண்டு புதியவர்களுக்கு இணக்கமானது. சந்தேகம் கேட்டால் ஓடிவந்து பதில் சொல்ல ஒரு பட்டாளமே இருக்கிறது. ஏறக்குறைய அதையே முடிவு செய்திருந்தேன்.

பிறகு டெபியனின் நிலையான பதிப்பைப் பற்றிப் படித்தேன். புதியது எதையும் சட்டென்று உள்ளே விடாதாம். மாதக்கணக்கில் சோதிக்குமாம். ஏற்றுக்கொண்டுவிட்டால், வருஷக்கணக்கில் மாற்றாதாம். பரவசத்தில் உரக்கப் படித்துவிட்டேன். "அப்பாவையே பென்டிரைவ்ல போட்ட மாதிரி இருக்கும்மா" என்றாள் மகள். நீங்கள் வந்துபோனபின் அவள் சிரித்தது அன்றுதான். திட்டா பாராட்டா என்று விசாரிக்காமல் டெபியனை உறுதி செய்தேன்.

நிறுவி முடித்து உள்ளே நுழையப் போனால், கடவுச்சொல்லைத் தட்டத் தட்ட, திரையில் ஓர் எழுத்தும் இல்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று புதிது வாங்கிவந்தேன். அதுவும் ஊமை. "அது அப்படித்தாம்ப்பா, ஒண்ணும் தெரியாது. நம்பித் தட்டுங்க" என்றாள். கண்ணால் பார்க்காத எழுத்தை நான் நம்பியது வாழ்க்கையில் அதுவே முதல்முறை. திறந்தது! குதித்தேன்; இடுப்பு பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் மகள் முன்பல் விழுந்து இளிக்கும் படம் சர்வரிலிருந்து டிவியில் வந்தபோது படுத்தபடியேதான் பார்த்தேன்.

எங்கள் மூவருக்கும் கணக்கு திறந்தாயிற்று. நாலாவதாக உங்களுக்கும் ஒன்று. பயனர் பெயரை ஒருமுறை வைத்துவிட்டால் மாற்றுவது பெரிய வம்பு, யோசித்து வையுங்கள் என்று நீங்களே எச்சரித்திருந்தீர்கள். யோசித்தேன். தமிழில் வாங்க மறுத்தது. ஆங்கிலச் சின்ன எழுத்துதான் வேண்டுமென்றது. ஒற்று விடுபடக் கூடாதென்று இரண்டு 'பி' போட்டு 'மாப்பிள்ளை' என்று வைத்திருக்கிறேன். இனி மாற்றுவதாக இல்லை.

படிக்க மட்டுமல்ல, எழுதவும் அனுமதி உண்டு. கடவுச்சொல்லை அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது. நம்பித் தட்டுங்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா