சாமி பேரு

10 நவம்பர் 2024, ஞாயிறு
முழங்கால் வலி. ஆனாலும் டெல்லி ஜனக்புரி வீட்டிலிருந்து நடந்தே நாலா கேம்ப் குடிசைப் பகுதிக்குப் போனேன். சாக்கடைக் கால்வாயின் கரையில் நூற்று அறுபத்திரண்டு வீடுகள். முக்கால்வாசி சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள். நான்கு வருடமாகப் பத்திரிகைக்காக இவர்களைப் படமெடுக்கிறேன். எதிர்க்கரையில் இப்போது இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. அங்கே வீடு வாங்கியவர்களுக்குக் கால்வாயோரம் நடைபாதையும் புல்வெளியும் வேண்டுமாம். அதற்காகக் கேம்ப்பை எடுக்கப் போகிறார்கள். அந்த மாடிகளில் பாத்திரம் துலக்குவது கேம்ப்பின் பெண்கள்தான். வள்ளிக்குப் பதினான்காம் மாடி. "மேலேர்ந்து பாத்தா நம்ம வீடு தீப்பெட்டியாட்டம் தெரியுதுக்கா. அந்தம்மா அந்த ஜன்னலுக்கு மட்டும் திரை போட்டு வெச்சிருக்கு" என்றாள்.

17 நவம்பர்
சர்வே. மாற்று வீடு யாருக்கு என்பது இதை வைத்துத்தான் முடிவாகும். டேப்லெட்டுடன் ஓர் இளைஞர். இந்தி மட்டும் தெரிந்தவர். வள்ளியிடம் கணவர் பெயரைக் கேட்டார். வள்ளி அதைச் சொல்லுகிறவள் இல்லை. ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் பக்கத்து வீட்டு அருக்காணிதான் அவளுக்காகச் சொல்வாள். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் லாரி வர, அருக்காணி கேன்களோடு ஓடிவிட்டாள். வள்ளி சிரித்தாள். குனிந்துகொண்டு "சாமி பேரு" என்றாள். "சாமிபேரு... அச்சா" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டினார். வள்ளி நிமிர்ந்து நேராக என் லென்ஸைப் பார்த்தாள். நல்ல வெளிச்சம். நான்கு வருடத்தில் இப்படி ஒரு முகம் கிடைத்ததில்லை.

20 நவம்பர்
படம் ஐந்து பத்தி அகலத்துக்கு வந்திருக்கிறது. எடிட்டர் ப்ரணவ் போனில், "மேடம், அந்தப் பார்வை!" என்றார்.

6 பிப்ரவரி 2025
கோயில் சுவரில் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். எழுபத்தொரு குடும்பங்களுக்கு வீடு இல்லை. அருக்காணிக்கு இல்லை, பழைய வாக்காளர் அட்டையை வெள்ளத்தில் தொலைத்தவள். வள்ளிக்கும் இல்லை. காரணம்: கணவர் பெயர் பொருந்தவில்லை. ரேஷன் அட்டையில் ஜம்புலிங்கம். சர்வேயில் சாமிபேரு.

ஜம்பு, வள்ளியின் கணவர், ப்ளைவுட் கடையில் சுமை ஏற்றுகிறவர், சிரிக்கத்தான் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் பேர் சொல்லாம மரியாதை குடுத்தா. இப்ப கவர்மென்டு அவளுக்கு வேற புருஷனே கட்டி வெச்சிருச்சு."

"வாயை மூடுங்க" என்றாள் வள்ளி. பிறகு என்னிடம், கோபமே இல்லாமல்: "உங்களைத்தானேக்கா பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு."

7 பிப்ரவரி
எனக்குத் தெரியும். அவன் என்ன தட்டினான்னு காதுல விழுந்தது. அது பேரே இல்லைன்னும் தெரியும். ஒரு வார்த்தை — ஜம்புலிங்கம் — அவ்வளவுதானே? ஃபோகஸ் பாத்துட்டு நின்னேன். எடுக்கிற படத்துக்குள்ள நாம நுழையக் கூடாது. முப்பத்தொரு வருஷமா சின்னவங்களுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஊரே மெச்சின பார்வை. அவ என்னைக் கூப்பிட்டிருக்கா.

11 பிப்ரவரி
வள்ளியின் மேல்முறையீட்டுக்குச் சாட்சியாக வாக்குமூலம் கொடுக்கப்போகிறேன் என்று ப்ரணவிடம் சொன்னேன். "அப்புறம் கேஸ்ல நீங்களும் ஒரு பார்ட்டி ஆயிடுவீங்க மேடம். கேம்ப் படங்களை இனிமே மேதாவைத்தான் எடுக்கச் சொல்லணும்." அவர் சொல்வது சரி. அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான்கு வருடம். கடைசிப் படம் என்னுடையதாக இருக்காது.

24 பிப்ரவரி
விசாரணை. அதிகாரி என் வாக்குமூலத்தைப் படித்தார், படத்தையும் பார்த்தார். ஆனாலும் அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும் என்றார்.

வள்ளி ஜம்புவிடம், "நீங்க போய் சாய் குடிச்சுட்டு வாங்க."

"எனக்கு வேணாம்."

"போங்கன்னா!"

அவர் போய்க் கதவு மூடிய பிறகு சொன்னாள். தட்டச்சு செய்கிறவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார். பிறகு இன்னொரு முறை, எழுத்துப் பிசகாமல் இருக்க. மூன்றாவது முறை வராந்தாவரை கேட்டிருக்கும். வெளியே ஜம்பு சாய் குடிக்கப் போகாமல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியிறங்கினார்கள்.

6 மே
காலை ஆறரை முதல் பதினொன்றுவரை இடித்தார்கள். மேதா படமெடுத்தாள். நான் அருக்காணியின் பீரோவை ஒரு பக்கம் பிடித்தேன். அவள் தம்பி வீட்டுக்கு, சேலம் போகிறாள். வள்ளியின் மேல்முறையீட்டுக்கு உத்தரவு இன்னும் வரவில்லை.

15 மே
வந்துவிட்டது. வீடு உண்டு. ஒன்பது நாள் முன்னால் வந்திருந்தால் சாமான்களைப் பிளாட்பாரத்தில் போட்டுக் காவல் இருந்திருக்க வேண்டாம்.

12 அக்டோபர்
வள்ளியின் புது வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். நகரின் வடக்குக் கடைசி, நான்காம் மாடி. இரண்டு பஸ், இரண்டே கால் மணி நேரம். பதினான்காம் மாடி வேலை போய்விட்டது. ஜம்பு ப்ளைவுட் கடையிலேயே படுத்துக்கொள்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். இன்று சரக்கு வந்ததால் அதுவும் இல்லை. அந்த மாடியில் பத்து வீடு, தமிழ்க் குடும்பம் இது ஒன்றுதான்.

வள்ளிக்குப் பல்வலி. அவளுடன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீட்டு எழுதுகிறவர் கணவர் பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளியே சொல்லிவிட்டாள், பஸ் நம்பரைச் சொல்வதுபோல.

திரும்பி நடக்கும்போது, "பழகிடுச்சுக்கா" என்றாள். "அருக்காணி ஊர்லேர்ந்து போன் பண்ணா. அங்க உனக்கு யாருடி பேரு சொல்றான்னு கேட்டா. நானேதான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"போனை வெச்சுட்டா."