இட்லித் தட்டில் அஸ்டெக் படை

விஜயா,

இட்லித் தட்டைத் தொடாதே. பன்னிரண்டு பிளாஸ்டிக் சிப்பாய்களும் பெயின்ட் பூசிக்கொண்டு பழைய மெக்சிகோவின் அஸ்டெக் வீரர்களாகி அதில் காய்கிறார்கள். என்ன மிடுக்கு தெரியுமா! துப்பாக்கியை அறுத்துவிட்டு ஈட்டி வைத்தேன். தலையில் கிளி இறகு. நம்மூர் மலைக்கோட்டையில் தானாக உதிர்ந்து கிடந்ததுதான், எதையும் பிடுங்கவில்லை.

சிநேகிதன் மஜீத், இவர்களோடு மோதத் தன் ஸ்பானியப் பொம்மைப் படையோடு விளையாட வருவான். உட்காரச் சொல், அனந்தபுரம் போய் நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுகிறேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமே, எனக்கும் தோசை வார்த்துவை.

"ஜைனர் வீட்ல இன்னாங்க கொலை விளையாட்டு?" என்று கேட்டுவிட்டு நேற்றிலிருந்து பேசாமல் இருக்கிறாய். புத்தகத்தில் பார்த்துவிட்டேன். இந்த அஸ்டெக் வீரர்களுக்குப் போரில் எதிரியை உயிரோடு பிடிப்பதுதான் பெருமையாம். இனியாவது பேசு.

தர்மதாஸ்

பி.கு.: பிடித்தவர்களைக் கோயிலுக்கு, பலிபீடம் வரைக்கும் அழைத்துப் போவார்களாம். அதற்கடுத்த பக்கத்தைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், பிரிக்காதே.