மொட்டுக் கிள்ளிய கை

மாமா,

இன்று கடையில் புகையிலைக் கட்டொன்றைப் பிரித்தார்கள். மணம் மூக்கில் ஏறியதும் நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். உங்களைச் சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கம்தானே.

உருத்திரபுரத்தில் காணி கிடைத்து நாங்கள் குடிவந்தபோது, யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தை விட்டு அரைமனதோடுதான் வந்தீர்கள். "இந்தக் காட்டு மண் எங்களுக்குச் சரிவராது, ஊருக்குத் திரும்புவம்" என்று உங்கள் மகனை நச்சரித்தீர்கள். எனக்கோ போக மனமில்லை. உங்கள் மகனைக் கலியாணம் கட்டியபின் எனக்கென்று சமைக்க ஒரு குசினி முதன்முதலாக அங்கேதான் கிடைத்தது.

என் பூசணி பூத்தது. பிஞ்செல்லாம் வெம்பி விழுந்தது. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும் என்று என் அண்ணா மலைநாட்டிலிருந்து ஒரு செடி கொண்டுவந்து தந்தார். மஞ்சளாய்க் குஞ்சம் குஞ்சமாகப் பூக்குமாம். பாத்தியோரம் நட்டேன். மொட்டு வரும், விடிந்து பார்த்தால் இராது. ஆடு கடித்தால் இலையும் போயிருக்கும். இது நகத்தால் கிள்ளியது. வீட்டில் மூன்று பேர். நானில்லை, உங்கள் மகனுக்கு வயலை விட்டால் வேறு நினைப்பில்லை. பிறகு யார்?

ஒருநாள் காலை உங்களைக் கையும் மெய்யுமாகப் பிடித்தேன்.

"என்ன மாமா செய்யிறியள்?"

நீங்கள் பதறவில்லை. "மொட்டை விட்டா இலை தடிக்காது, பிள்ளை."

"இது பூவுக்கு வைச்சது. இலையை என்ன, சுருட்டோ சுத்துறது?"

"அப்பிடியே? எனக்கு ஆர் சொன்னது?"

உங்கள் மகன் சிரித்தார். "ஐயாவுக்குப் புகையிலைக்கு மொட்டுக் கிள்ளிக் கிள்ளிக் கை பழகிப்போச்சு, விடும்."

நான் விடவில்லை. காலமெல்லாம் செடியோடு கிடந்தவருக்குப் பூஞ்செடி தெரியாதா? பூசணி காய்க்காவிட்டால் ஊருக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டீர்களோ? அன்றிலிருந்து விடியுமுன் எழும்பிச் செடிக்குக் காவல் நின்றேன்.

பிறகு செடி பூத்தது, தேனீ மொய்த்தது, பூசணியும் காய்த்தது. "காய் கொஞ்சம் தண்ணிப்பிடிப்பு" என்றபடியே மறுபடி கறி கேட்டு வாங்கினீர்கள். அந்தக் குறையையும் நான் நம்பவில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்ததும் உங்கள் மகள் ஊரிலிருந்து கார் பிடித்து வந்தார். "ஐயா, வாங்கோ, எங்கடை வீட்டை போவம்." நான் குசினிக் கதவடியில் காதைக் கொடுத்து நின்றேன். இத்தனை காலம் போகக் காரணம் தேடிய மனிதர் இனி ஏன் நிற்பார்?

"நான் வரேல்லை. பிள்ளையின்ரை பூசணிக்கு ஆர் தண்ணி கட்டுறது?"

எழும்பி இருக்கவும் ஏலாத நிலையில் சொன்னீர்கள். அந்தக் காணியிலேயே கண்ணை மூடினீர்கள். மொட்டை ஏன் கிள்ளினீர்கள் என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் மாமா, உங்கள் வாயிலிருந்து வந்ததில் நான் துருவிப் பாராமல் நம்பியது அந்த ஒரு சொல்லைத்தான்.