பால்மா டின்னில் உரம்

10.2.2008, ஞாயிறு

மீன் வருகிற, வெள்ளை நுரைபோன்ற ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கீழ்வீட்டு ஷபீகா தந்தாள். மூன்று தரம் கழுவியும் சூரை மணக்கிறது. மூடியில் எட்டு வட்டம் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு யோகட் கப்பை இறக்கினேன். கப்பின் அடியில் ஓட்டைகள். உள்ளே கழுவிய தேங்காய்த் தும்புத்தூள், அதில் பச்சையாய்த் தின்கிற சலாது இலை விதை. கீழே தண்ணீர், தண்ணீரில் உரத்தூள். உரம் மட்டும் நுகேகொடையில் போய் வாங்கினேன்.

"மண்ணு தேவில்ல. வேர் தண்ணில முட்டினா போதும். கொஞ்சம் பொறும ஈக்கோணும்" என்றாள் ஷபீகா. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ப் படித்தவள்.

மண்ணில்லாமல் வளர்வது பற்றி ஓர் உவமை வந்தது. எழுதமாட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிற எவளுக்கும் வரக்கூடியதுதான்.

13.2

ஒன்றும் முளைக்கவில்லை. யாழ்ப்பாணப் பாதை பூட்டியபடியே, அம்மாவிடமிருந்து கடிதமும் இல்லை.

24.2, ஞாயிறு

முளைத்த ஐந்தில் மூன்று செத்துவிட்டன. தண்ணீர் பச்சையாகி நாறுகிறது. வெளிச்சம் உள்ளே போகாமல் பெட்டிக்குள் கறுப்புப் பொலித்தீன் விரித்திருக்க வேண்டுமாம். மிஞ்சிய இரண்டுக்கும் இலை நுனி கருகல். லீற்றருக்குச் சின்னக் கரண்டியால் போட வேண்டிய உரத்தை நான் கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன். இத்தனை புத்தகம் படித்து என்ன?

என்னோடிருக்கிற அக்கா எட்டிப் பார்த்தாள். "நாட்டில கனக்கச் சாகுது. நீ வேற வளத்துச் சாக்காட்டிறாய்."

இருவரும் சிரித்தோம். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். செடிக்காகவா? தெரியவில்லை.

2.3, ஞாயிறு

புதுப் பெட்டி, கறுப்புப் பொலித்தீன், எட்டு விதை. காலை நன்றாகத்தான் தொடங்கியது.

அக்கா உரப் பைக்கற்றைத் தூக்கி வாசித்தாள். "நைட்ரேட் எண்டு போட்டிருக்கு, குண்டுக்குப் போடுற சாமான். உனக்கு விசரே? செக்கிங் வந்தா ஆர் பதில் சொல்லுறது? பொலிஸ் பதிவில வீட்டுப் பொறுப்பு என்ர பேர். ஏப்ரல் எட்டு எனக்கு விசா இன்ரவியூ. அவர் ரொறன்ரோவில ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறார். உன்ர கீரையால எல்லாம் போகப்போகுது."

"கீரை இல்லை, சலாது."

"வாயைப் பார்!"

அவள் குளிக்கப் போன நேரம் தூளைப் பழைய பால்மா டின்னில் கொட்டி மூடினேன். பைக்கற்றையும் கடை பில் துண்டையும் அடுப்பில் எரித்தேன். எறிந்துவிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன்.

அவளுக்கு விசா கிடைக்கட்டும். அன்பால் சொல்லவில்லை. போய்த் துலையட்டும். அவள் இல்லாத இந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன் — எவ்வளவு நிம்மதி.

9.3

எட்டில் ஏழு முளைத்துவிட்டன! கப்பின் அடியால் ஒரு வேர், நூல்போல, வெள்ளையாக. தண்ணீரைத் தொட இன்னும் அரை அங்குலம்.

18.3, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் பொலிஸார் சோதனைக்கு வந்தார்கள். ஆறு பேர், அதில் இருவர் பெண்கள். குசினித் தட்டிலிருந்து டின்னை எடுத்தது ஒரு பெண். விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"மே மொகத்த?" இது என்ன.

"பொஹொர." உரம். அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன்.

"பொஹொர நம் கிரி டின் எகே எய்?"

உரமென்றால் ஏன் பால் டின்னில்?

பதிவைப் பார்த்தார்கள். வீட்டுப் பொறுப்பு, ஜெகதீஸ்வரி. அக்கா என்னைப் பார்த்தாள், ஒரே ஒரு தரம். பிறகு செருப்பைப் போட்டாள்.

19.3

என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

20.3

சொல்லேல்லை. ஏன் சொல்லேல்லை? வாய் இருந்ததுதானே!

27.3, வியாழன்

அக்காவைத் தொண்ணூறு நாள் தடுத்துவைக்க உத்தரவாம். சட்டத்தரணி சிவபாதசுந்தரத்திடம் போனேன்.

"சோதிச்சா நைட்ரேட் எண்டுதான் வரும், பிள்ளை. அது உரத்திலயும் இருக்கும், மற்றதிலயும் இருக்கும். ஏன் ஒளிச்சனீங்கள் எண்டதுக்குத்தான் காரணம் காட்டவேணும். பைக்கற்? துண்டு?"

எரித்துவிட்டேன்.

ஷபீகா சாட்சி சொல்ல வருகிறேன் என்றாள். மாலையில் அவள் கணவர் தாஸிம் படியேறி வந்தார். "கோவிக்க வாணாம் தங்கச்சி. எங்களுக்கும் புள்ளைகள் ஈக்குது." கோபம் வரவில்லை. நானே வாய் திறக்காதவள்.

4.4, வெள்ளி

நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டேன். மார்ச் இரண்டில் எல்லாம் இருக்கிறது என்றும்.

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். கடைசி வரிகளை மட்டும் கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"கிழிச்ச கொப்பியை ஆர் நம்புவான்? பிறகு இருந்து எழுதினதெண்டுதான் சொல்லுவாங்கள். கூடப் பிறந்தவளைப் போய்த் துலையட்டும் எண்டு ஒருத்தியும் வழக்குக்காக எழுதமாட்டாள். பிள்ளை, அந்த வரிதான் எங்களுக்குத் தேவை." கொப்பியை மூடிவிட்டு, "உங்களையும் உள்ளுக்குப் போடக்கூடும்" என்றார்.

இதை எழுதி முடித்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒருவருக்கும் காட்டாத கொப்பி.

8.4, செவ்வாய்

புதுக் கொப்பி. இன்று அக்காவின் இன்ரவியூ. பத்து மணி வந்தது, போனது.

23.4

ஒரு நாள் முழுதும் விசாரித்தார்கள். என்னுடையது என்று சொன்னேன், முப்பத்தாறு நாள் பிந்தி. எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

14.5, புதன்

கொப்பியைச் சிங்களத்தில் பெயர்த்து நீதிமன்றத்தில் வாசித்தார்கள். சலாது செத்த இடத்தில் யாரோ சிரித்தார்கள். கடைசி வரிகளுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா கூண்டில் நின்றாள். வேலைக் கந்தோரில் பழகிய சிங்களம் அவளுக்கு. எனக்குத் தப்பின சொல்லும் அவளுக்குத் தப்பியிருக்காது.

பின்னேரம் அவளை விட்டார்கள். வாடகைக் காரில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள்.

25.5, ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் மரியகொறற்றி அக்காவின் வீட்டில் ஓர் அறை காலியாம். என் அக்காவும் அவரும் ஒரே கந்தோர். வேறு இன்ரவியூ திகதி இன்னும் கொடுக்கவில்லை. பொலிஸ் அறிக்கை கேட்கிறார்களாம்.

அக்கா உடுப்பை மடித்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் சொல்லியேவிட்டேன்: "அக்கா, அது அண்டைக்கு ஏதோ கோவத்தில எழுதினது. பொய்."

பெட்டியின் சிப்பை இழுத்து மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பொய்யெண்டால் என்னை விட்டிருக்கமாட்டாங்களடி."

கீழே ஓட்டோ நின்றது. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறுபக்கத்தை நான். மூன்று மாடியும் இறங்கினோம்.