மூட்டையில் நின்ற பெரியவர்

மாப்ளே,

இன்று காலை கடைப் பலகைக்கு வர்ணம் அடிக்க ஓர் ஆள் வந்தான். ஆளிவிதை எண்ணெய் வாசம் ஏலக்காய் வாசத்தையும் தாண்டி மூக்கில் ஏறியது. "நாடகத் திரையும் எழுதுவியாப்பா?" என்று கேட்டேன். "பலகை மட்டுந்தேன் எஞ்சோலி" என்றான். அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

உன் வாயில் அப்படி ஒரு பேச்சு வந்ததுண்டா? தேர்ச்சீலை தைப்பாய், பாதியில் தட்டானுக்கு அட்டிகை வரைந்து கொடுக்கப் போவாய், அங்கிருந்து நாடகக்காரர்களோடு சிலமலைக்குக் கிளம்பிவிடுவாய். சீலை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி என் தொண்டை வற்றும். "எல்லாம் ஒரே கைதான மாப்ளே செய்யுது" என்பாய். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஐப்பசியை நான் மறப்பேனா? பெருமழைக்கு முன்னால் மலை மேலிருந்த ஏலக்காய் கீழே இறங்கியாக வேண்டும். நனைந்தால் கடையை மூட வேண்டியதுதான். மேலே போகும் வெறும் சாக்குகளில் என் கடைக்கு ஒரு குறி போட்டுத் தா என்றேன். ஒரு வட்டம் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ யானை வரைந்தாய். அழகான யானைதான், யார் இல்லை என்றது? ஆனால் மலையடிவாரத்துக் குரங்கணியில் சுமைக்காரர்கள் சாக்கைத் தொடவே மறுத்துவிட்டார்கள். காட்டுக்குள் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் 'பெரியவர்' என்பவர்கள் அவர்கள்.

"பெரியவரு நடக்குற தடத்துல பெரியவரையே முதுகுல தூக்கிட்டுப் போகச் சொல்றீகளா அண்ணே?" என்றார் ஒருவர்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "வெரசா அழிச்சுத் தொலைடா!" என்று கத்தினேன். நீயோ சாக்கைத் தடவிக்கொண்டு, "உசுரோட நிக்கிறாரு, எப்படி அழிக்க?" என்றாய். அன்று உன்னை அடிக்காமல் விட்டது உன் நல்ல நேரம்.

பிறகு கரியைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். முதுகு மலைமுகடாயிற்று, தும்பிக்கை அருவியாயிற்று, கால்கள் புதருக்குள் போயின. ஒவ்வொரு சாக்காக மாற்றினாய். சுமைக்காரர்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், தூக்கிக்கொண்டார்கள். "பெரியவரு எங்கயும் போகல மாப்ளே, படுத்துத் தூங்குறாரு" என்று என் காதில் சொன்னாய். சரக்கு நனையாமல் இறங்கியது. நான் மூச்சு விடுவதற்குள் நீ ராசிங்காபுரத்தில் கல்யாணப் பந்தல் ஜோடிக்கப் போய்விட்டாய்.

மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் உன்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கும் நான்தான் பதில் சொன்னேன். உன் மேல் கோபம் தீரவில்லை. நீ இல்லாதது பொறுக்கவும் முடியவில்லை. கடை வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்த்தால் எனக்குப் பெரியவரின் முதுகு தெரிகிறது, தும்பிக்கை தெரிகிறது. மூச்சு வாங்குகிறதா என்றுகூட நின்று பார்க்கிறேன். ஊரில் எல்லோருக்கும் இருக்கிற மலையை எனக்கு இல்லாமல் செய்துவிட்டாயே, பாவி!