விருந்தாக வந்த வண்டி முன்னால் நிற்பது குறித்து

அனுப்புநர்:
நிலைய அலுவலர்,
மேற்குக் கோட்டத் தீயணைப்பு நிலையம்.

பெறுநர்:
மாவட்டத் தீயணைப்பு அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கிழக்குக் கோட்டத்தினர் எங்கள் நிலையத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை முடித்துவைக்கவும், அதுவரை வண்டி நிறுத்தும் முறையை மாற்றவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் இந்நிலையத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பொறுப்பில் இருக்கிறேன். கடந்த பிப்ரவரியில் கிழக்குக் கோட்ட நிலையத்தின் கூரை விரிசல் விட்டபோது, பழுதுபார்க்கும் வரை நாற்பது நாட்களுக்கு அவர்களுக்கு இடம் தருமாறு தாங்கள் உத்தரவிட்டீர்கள். மனமுவந்து தந்தோம். இப்போது எட்டாவது மாதம் நடக்கிறது.

2. எங்கள் கொட்டகைக்கு வாசல் ஒன்றுதான். இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும். அவர்களுடையது புது வண்டி, நீளமும் அதிகம். கொட்டகையின் உள்பாதி எங்கள் வண்டியின் நீளத்துக்கே கட்டியது; அவர்களுடையதை அங்கே தள்ளி நிறுத்தினால் பின்சுவரில் இடிக்கிறது. ஆகவே விருந்தாக வந்த வண்டி முன்னாலும் வீட்டு வண்டி பின்னாலும் நிற்கின்றன. சாலையில் போகிறவர்கள் இது கிழக்கு நிலையம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

3. அவர்களது நிலைய அலுவலர் என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். அவர்மீது ஒழுங்கீனம் எதுவும் சொல்வதற்கில்லை. சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடியும் பார்த்தேன். இதை மறைத்தால் மனு நேர்மையாக இராது.

4. என் குழுவினர் எண்மரும் என்னை இத்தனை ஆண்டுகளாக 'சார்' என்றே அழைக்கிறார்கள். அவரை மூன்றாம் நாளே 'அண்ணே' என்றார்கள். தண்ணீர்க் குழாயை அவர் மடிக்கச் சொன்ன முறையில் மடித்து, பயிற்சியில் இருபது விநாடி மிச்சம் பிடித்தார்கள். அதே பயிற்சியில் நான் எத்தனையோ முறை கடிந்துகொண்டும் இரண்டு விநாடிகூடக் குறைந்ததில்லை. சமையலறையில் அவர் இருந்தால் சிரிப்புச் சத்தம் என் அறைவரை கேட்கும். நான் போனால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் டம்ளரைக் கழுவிவிட்டு நான் வெளியே வரும்வரை அந்தச் சிரிப்பு மறுபடி தொடங்குவதில்லை.

5. சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, எங்கள் எல்லைக்குள் இருக்கும் மெத்தைக் கிடங்கில் தீ என்று அழைப்பு வந்தது. முன்னால் நின்ற அவர்கள் வண்டி வெளியேறிய பிறகே எங்களுடையது அசைய முடிந்தது. எனவே எங்கள் தீக்கு அவர்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே தையல் வேலை செய்யும் ஒரு பெண் சிக்கியிருந்தார். முன்வாசலில் கூரை இறங்கத் தொடங்கியிருந்ததால் யாரும் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டேன். அந்த உத்தரவு சரியானது. இன்றும் அதில் மாற்றமில்லை.

அப்போது கிழக்கு அலுவலர் என் அருகில் வந்து, "சார், பின்பக்கம் அட்டைப்பெட்டி அடுக்கி மறைச்ச ஜன்னல் ஒண்ணு இருக்கு. நீங்க சரின்னா போறோம்" என்றார். அந்தக் கிடங்கை நான் இரண்டு முறை தணிக்கை செய்து கையெழுத்திட்டவன். ஜன்னல் எனக்குத் தெரியாது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு விசாரித்தேன். ஓய்வாக இருந்த ஒரு மதியம் என் ஓட்டுநரையே கூட்டிக்கொண்டு அந்தத் தெரு முழுக்க நடந்து பார்த்திருக்கிறார். பதினோரு ஆண்டுகளாக என் வண்டியை ஓட்டும் அந்த மனிதரை நான் ஒருநாளும் அப்படிக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

சரி என்றேன். அவரும் என் ஓட்டுநரும் ஜன்னலை உடைத்து நுழைந்து அப்பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கையில் தீக்காயத்தோடு உயிர் பிழைத்தார்.

6. இரண்டு வாரம் கழித்து அப்பெண் தம் கணவருடன் நன்றி சொல்ல வந்தார். நேராகக் கிழக்கு அலுவலரிடம்தான் போனார்கள். நான் நாலடி தள்ளி, வண்டியின் அழுத்தமானியைத் துடைப்பதுபோல் நின்றிருந்தேன். அவரோ அவர்களை என்னிடம் அழைத்து வந்து, "இந்த ஏரியாவுக்கு சார்தான் பொறுப்பு. சார் சொல்லித்தான் நாங்க உள்ள போனோம்" என்றார். அப்பெண் கட்டுப்போட்ட கையோடு என்னைக் கும்பிட்டார். ஐயா, அவர் அந்தப் பெயரைத் தாமே எடுத்துக்கொண்டிருந்தால் இந்த மனுவை எழுதுவது எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

7. அவர்களது கட்டடம் அடுத்த மாதம் தயாராகிவிடும் என்று கேள்வி. செய்தி வந்த அன்றே என் ஓட்டுநர் கிழக்குக் கோட்டத்துக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். இங்கே என்ன குறை என்று கேட்டேன். "குறைன்னு எதுவும் இல்ல சார். அவரோட இருந்தா வேலைக்கு வர்றதுக்கே ஆசையா இருக்கு" என்றார். விதிப்படி மூன்று நாளில் தங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டிய விண்ணப்பத்தை ஒன்பது நாள் என் மேசையிலேயே வைத்திருந்தேன். இத்தாமதத்துக்கு நானே பொறுப்பு.

ஆகவே, கிழக்குக் கோட்டத்தினர் இடம்பெயரும் நாளை எழுத்துமூலம் உறுதிசெய்யுமாறும், அதுவரை எங்கள் வண்டி முன்னால் நிற்கும்படி பின்சுவரை இரண்டடி தள்ளிக் கட்ட அனுமதிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

ஓட்டுநரின் விண்ணப்பம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதில் 'பரிந்துரைக்கப்படவில்லை' என்று முதலில் எழுதி, பின்பு அடித்திருப்பதைத் தாங்கள் காணலாம். அதன் கீழே 'மிகச் சிறந்த ஊழியர். ஆட்சேபணை இல்லை' என்று இருப்பதும் என் கையெழுத்தே. இந்தச் சொற்களை அவரிடம் நான் நேரில் சொன்னதில்லை. ஆணை அனுப்பும்போது அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை அவருக்கும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்கு நிலையம்
நாள்: அக்டோபர் 9

தங்கள் கீழ்ப் பணிபுரியும்,
(ஒப்பம்)
நிலைய அலுவலர், மேற்குக் கோட்டம்

இணைப்பு: மாறுதல் விண்ணப்பம் – ஒன்று