இஞ்சிப்புல் செத்த செய்தி

என் பாசத்துக்குரிய மச்சானுக்கு,

முதலில் நல்ல செய்தி. வயலில் இஞ்சிப்புல் செத்துவிட்டது. மேலே காய்ந்து கீழே உயிரோடு கிடக்கும் அந்தப் பழைய நடிப்பு இல்லை, உண்மையாகவே செத்துவிட்டது. எங்கே படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்து மிச்சத்தையும் கேளுங்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் அக்காவின் புருஷன். எஹலியகொட பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக்குள் களைக்கு மருந்து அடிக்கிற வேலையை நாம் இரண்டு பேரும் பதினெட்டு வருஷம் சேர்ந்து பார்த்தோம். தோட்டத்துக்குக் கீழே, ஓடையோரம் இருக்கும், சிங்களப் பெரியவர் பியதாச மாத்தயாவின் வயலைப் பங்குக்கு எடுத்துச் செய்யலாம் என்றது உங்கள் யோசனைதான். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த நமக்கென்று ஒரு முழ மண் கிடையாது, ஒரு போகமாவது நாமே விதைத்ததைச் சாப்பிட வேண்டும் என்றீர்கள். அக்கா சிரித்தாள். அவள் சிரிப்புக்குப் பயந்து நீங்கள் எதை விட்டிருக்கிறீர்கள்?

அந்த வயல் அவ்வளவு சுலபமாக ஏன் கிடைத்தது என்பது இறங்கிய பிறகுதான் புரிந்தது. வரப்பிலிருந்து வரப்புவரை இஞ்சிப்புல். மண்ணுக்குள் இஞ்சி மாதிரியே கிழங்கு ஓடும். அப்படியே உழுதால் கிழங்கு துண்டு துண்டாகி, ஒவ்வொரு துண்டும் தனிக் குடித்தனம் போட்டுவிடும். உழுவதற்கு முன்னால், இலை வழியாக இறங்கிக் கிழங்கைக் கொல்லும் மருந்தை அடிக்க வேண்டும். இது நமக்குத் தெரியாதா என்ன? தேயிலைக்குள் எத்தனை மலையில் அதைத் தீர்த்துக்கட்டியிருக்கிறோம்.

வயலில் மட்டும் அது சாகவில்லை. முதல் தடவை அடித்தோம், நுனி லேசாக வெளுத்தது, பிறகு மறுபடி பச்சை. இரண்டாம் தடவை அளவைக் கூட்டினோம். உரம் போட்ட மாதிரி வளர்ந்தது. கடைக்காரன் கலப்பட மருந்தை நம் தலையில் கட்டிவிட்டான் என்று டவுனுக்கே போய் அவனோடு மல்லுக்கு நின்றீர்கள். மூன்றாம் தடவை அடித்த அந்த வாரம்தான் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது.

நீங்கள் போன முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்த பியதாச மாத்தயா, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வருகிற சிறுபோக விதைப்புக்குள் புல் ஒழியாவிட்டால் வயலை வரக்காப்பொலவில் இருக்கும் மருமகனுக்குக் கொடுத்துவிடுவாராம். அவரையும் குறை சொல்ல முடியாது. கொடுத்துத் தொலையட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் போன பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த மனுசன் ஆசப்பட்டதே அது ஒண்ணுதான்டா. அதையும் விட்டுட்டு நான் என்னா செய்றது?"

போகம் நெருங்கியபோது புது மருந்து வாங்கி வந்தேன். அக்கா உங்கள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போத்தலில் ஒட்டியிருந்த தாளை முதல் எழுத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். பதினெட்டு வருஷத்தில் நீங்களோ நானோ அதை ஒருநாளாவது வாசித்திருக்கிறோமா? நமக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"ஏன்டா, தெளிஞ்ச தண்ணியில கலக்கணும்னு போட்டிருக்கே. நீங்க எந்தத் தண்ணியில கலந்தீங்க?"

"ஓடத் தண்ணியிலதான்."

"அந்தச் சேத்துத் தண்ணியிலயா?"

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் தருவார்கள். வயலில் கைக்கெட்டும் தூரத்தில் ஓடை இருந்தது, முகந்து கலந்தோம். அந்த ஓடை ஏன் கலங்கி வருகிறது? மேலே மாணிக்கக் குழியில் சரளை மண்ணைக் கழுவுகிறார்கள். கழுவுவது யார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேரோடு பங்கு சேர்ந்து நீங்கள்தான் மச்சான். நாம் வயலுக்கு மருந்து அடித்தது எப்போது? அதே ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் குழியிலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு. காலையில் மேலே நின்று ஓடையைக் கலக்கிவிட்டு, மத்தியானம் கீழே வந்து அதே சேற்றில் மருந்தைக் கரைத்திருக்கிறீர்கள்.

மறுநாள் விவசாயக் கந்தோரில் அதிகாரிகளிடம் கேட்டேன். சேறு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல்லுக்கு விடாது என்றார்கள். வந்து சொன்னதும் அக்கா சிரித்தாள் பாருங்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு நடந்ததுதான் கூத்து. லயத்துப் பீலியில், அந்த ஊற்றுக் குழாயில், பிடித்த தண்ணீரை அக்காவும் நானும் கேன் கேனாக வயலுக்குச் சுமந்தோம். மழை இல்லாத ஒரு காலைக்காக ஒன்பது நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இந்த ஊரில் அது கிடைப்பதே பெரிய பாடு. கையுறை, முகமூடி, முழங்கால்வரை சப்பாத்து என்று அக்கா என்னைக் கட்டிவிட்ட கோலத்தைக் கண்டு லயத்து நாய்களெல்லாம் குரைத்தன. அளவும் போத்தலில் போட்ட அளவுதான், ஒரு மூடி கூட்ட விடவில்லை.

ஐந்தாம் நாள் பார்த்தால் புல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. இன்னும் ஒரு டாங்கி மருந்து அடிக்கலாமா என்றேன். அக்கா போத்தலை ஒளித்து வைத்துவிட்டாள். எங்கே என்று இன்னும் எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் வயல் முழுக்க மஞ்சள்.

பியதாச மாத்தயா மண்வெட்டியோடு வந்து நான்கு இடத்தில் கொத்திப் பார்த்தார். கிழங்கு கறுத்து, நசுக்கினால் கூழாகியது. அவர் ஐந்தாவதாக ஓர் இடத்தைக் கொத்தினார், அங்கேயும் அப்படித்தான். வயல் இனி அக்காவுடைய பொறுப்பு, மருமகனுக்குத் தாமே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது விதைத்து, நாற்று ஒரு சாண் உயரம் நிற்கிறது. வரப்பு ஓரத்தில் நாலைந்து புல் தலை தூக்குகிறது. அதை அக்கா விடியக்காலையிலேயே போய்த் தோண்டி எடுத்துவிடுகிறாள்.

மச்சான், ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள், அக்கா வெந்நீர் வாங்கப் போயிருந்த நேரம், நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே.

"புல்லு செத்துருச்சா மாப்ள?"

நான் அன்று காலை வயலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். முழங்கால் உயரத்துக்கு நின்றது. செத்துவிட்டது என்று சொன்னேன். நீங்கள் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். இதை நான் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துத்தான் அவளும் தெரிந்துகொள்வாள்.

உங்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. ஒரு வருஷம் பிந்தி அதை உண்மையாக்கிவிட்டோம். இனி உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன் மச்சான். அடுத்த போகத்தில் புல் திரும்பி வந்தால், வந்துவிட்டது என்றே சொல்வேன்.

உங்களோடு டாங்கி சுமந்த,
உங்கள் பெண்சாதியின் தம்பி,
செல்லையா